பாறைக்குளத்தில் இறங்கும் முன் ஏறும் வழியைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

பள்ளி விடுமுறை தொடங்கியதும் கடற்குளியல் பற்றிய கடிதங்கள் குவிந்துவிட்டன. முட்டத்தில் தொடங்கி நீரோடி தாண்டி, பொழியூர், விழிஞ்ஞம், கோவளம் வரையுள்ள கரையைப் பற்றியே பெரும்பாலான கேள்விகள். ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுக்க அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: மே மாதம் குளச்சலுக்குத் தெற்கே ஒரு விடுதியில் நான்கு நாள் தங்கப் போகிறோம். பின்னால் உள்ள தென்னந்தோப்பு வழியாகப் போனால் பாறைகளுக்கு நடுவே கடல்நீர் தேங்கி நிற்கும் குளம் ஒன்று உண்டு. ஆள் நடமாட்டமே இல்லை. ‘குளிக்கத் தடை’ என்று பலகை இருக்கிறது. வேலியில் ஓர் ஆள் நுழையும் இடைவெளியும் இருக்கிறது. போன ஜனவரியில் என் மச்சான் அங்கே குளித்துவிட்டு வந்து, நீச்சல்குளம் மாதிரி இருக்கிறது என்றார். விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் போய்க் குளித்துவிட்டு வரலாமா? எங்கள் எல்லோருக்கும் நீச்சல் தெரியும்.
– வாசகர், தக்கலை

பதில்: வேண்டாம். மே மாதம், தடைப்பலகை, யாருக்கும் தெரியாமல் என்ற மூன்றில் ஒன்று இருந்தாலே போக வேண்டாம் என்போம். உங்களுக்கு மூன்றும் சேர்ந்திருக்கிறது.

முதலில் மாதம். ஏப்ரல், மே மாதங்களில் நம் கரையில் வரும் ஆபத்துக்கு மீனவர்கள் வைத்த பெயர் கள்ளக்கடல். திருடன் மாதிரி சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் புயல் அடிக்கும். அங்கே எழும் அலை பல நாள் பயணம் செய்து இங்கே வந்து சேரும். இங்கே வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது, ஆனால் கடல் கரையேறும். 2012 ஆம் ஆண்டு யுனெஸ்கோ இந்தச் சொல்லையே அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தபோது கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்தது. வானத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்று நாங்கள் ஒவ்வோர் ஆண்டும் எழுதுவது இதனால்தான்.

கள்ளக்கடலின் வலு அலையின் உயரத்தில் தெரியாது, இடைவெளியில் தெரியும். 8 விநாடிக்கு ஒன்றாக வரும் அலைக்கு ஆழ்கடலில் சுமார் 100 மீட்டர் நீளம். 16 விநாடிக்கு ஒன்றாக வரும் அலைக்குச் சுமார் 400 மீட்டர். உயரம் ஒன்றுதான் என்றாலும், பின்னது பாறையை எட்டும்போது கூடவே கொண்டுவரும் தண்ணீர் மிக அதிகம்; வந்து அடித்துவிட்டுத் திரும்பாது, ஏறிக்கொண்டே இருக்கும். அளப்பது எளிது. எதிரே ஒரு பாறையைக் குறித்துக்கொண்டு, அதில் மோதும் ஓர் அலையில் கைப்பேசியின் கடிகாரத்தைத் தொடங்குங்கள். அதற்குப் பிறகு பத்தாவது அலை மோதும்போது நிறுத்தி, வந்த விநாடியைப் பத்தால் வகுங்கள். 14க்கு மேல் வந்தால் அன்றைக்குப் பாறைப் பக்கமே போகாதீர்கள், கடல் எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் சரி.

அடுத்து உங்கள் மச்சான் சொன்னது. அவர் பொய் சொல்லவில்லை. ஜனவரியில் அந்தக் குளம் அப்படித்தான் இருந்திருக்கும். நம் மேற்குக் கரையில் ஜூன் முதல் தென்மேற்குப் பருவக் கடல் மணலை வாரிக்கொண்டு போகும். செப்டம்பருக்குப் பிறகு மெல்ல மெல்லத் திரும்பக் கொண்டுவந்து போடும். ஜனவரி, பிப்ரவரியில் குளத்தின் அடியில் மணல் நிறைந்து இடுப்பளவு நீர் நிற்கும். அதே குளத்தில் மணல் வாரப்பட்ட பிறகு ஆள் உயரத்துக்கு மேல் ஆழம் இருக்கலாம். மணலுக்கடியில் மூடிக்கிடந்த பாறைக்குடைவும் திறந்திருக்கலாம். ஒருவர் குளித்துவிட்டு வந்து சொல்லும் ஆழம் அந்த வாரத்துக்கு மட்டும்தான் செல்லும்.

யாருக்கும் தெரியாமல் போவதுதான் எல்லாவற்றிலும் மோசம். மூச்சு நின்றுபோனால் நான்கைந்து நிமிடத்தில் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். அந்த நேரத்துக்குள் கரையிலிருந்து ஒரு வள்ளம் வர வேண்டுமென்றால், நீங்கள் அங்கே இருப்பது முன்பே ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். விடியற்காலையில் இந்தக் கரை முழுக்க ஆள் இருப்பார்கள். வள்ளங்கள் கரையணைந்து மீன் இறக்கும் நேரம் அது. அவர்களிடம் போய், “அண்ணே, அந்தப் பாறைக்குளத்துல இறங்கலாமா? ஏன் போர்டு வச்சிருக்காங்க?” என்று கேளுங்கள். யார், எந்த வருஷம், எந்த மூலையில் சிக்கினார்கள் என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். சிப்பி எடுக்க மூழ்குகிறவர் அங்கே இருந்தால் இன்னும் நல்லது. பாறைக்கு அடியில் எங்கே குடைவு இருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்தவர் அவர்.

பாறைக்குளமே ஆகாது என்று சொல்லவில்லை. தடையில்லாத, ஊரார் குளிக்கிற குளமாகப் பார்த்து, டிசம்பர் கடைசி முதல் மார்ச் தொடக்கம் வரை, புயல் எச்சரிக்கை எதுவும் இல்லாத நாளில் போகலாம். அதையும் சோதித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

குளத்தை விட உயரமான, காய்ந்த பாறையில் அரை மணி நேரம் உட்காருங்கள். அலைகள் ஒரே அளவில் வருவதில்லை, கூட்டம் கூட்டமாக வரும். சின்ன அலைகளாகப் பத்து நிமிடம் போகும். பிறகு பெரியதாக ஐந்தாறு அலைகள் அடுத்தடுத்து வரும். வந்தவுடன் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள் அந்தச் சின்ன அலைகளை மட்டும் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். அரை மணியில் ஒரே ஒரு அலை விளிம்பைத் தாண்டிக் குளத்துக்குள் விழுந்தாலும் அன்றைக்கு இறங்க வேண்டாம்.

அடுத்தது தேங்காய் மட்டைச் சோதனை. காய்ந்த மட்டைத் துண்டு ஒன்றைக் குளத்தின் நடுவில் போடுங்கள். மட்டை பாதி அமிழ்ந்து மிதப்பதால் காற்று அதைத் தள்ளாது, தண்ணீர்தான் இழுத்துக்கொண்டு போகும். பத்து நிமிடம் பார்த்தால் குளத்தின் குணம் தெரிந்துவிடும். சும்மா சுற்றி வந்தால் நல்லது. ஒவ்வொரு முறை அலை பின்வாங்கும்போதும் ஒரே மூலைக்கு ஓடிப் பாறையோடு ஒட்டிக்கொண்டாலோ, அமிழ்ந்து எழுந்தாலோ, அந்த மூலையில் கடலோடு இணையும் துளை இருக்கிறது. மேலே எந்த அலையும் தாண்டி விழாதபோதே குளத்தின் மட்டம் ஏறி இறங்கினால் அதுவும் துளைக்கு அடையாளம். மட்டம் இறங்கும் ஒவ்வொரு தடவையும் அந்தத் துளை உறிஞ்சுகிறது. நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் காலைப் பிடித்து இழுத்து வைத்துக்கொள்ளும். அந்தக் குளத்தை விட்டுவிடுங்கள். நடுவில் ஒரு தடவை, இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு தடவை என்று மூன்று முறை மட்டையைப் போட்டுப் பாருங்கள்.

ஆழத்தைக் கண்ணால் அளக்காதீர்கள். நேர் மேலிருந்து பார்த்தால் தண்ணீர் முக்கால் பங்கு ஆழமாகத்தான் தெரியும். நாலரை அடி என்று தோன்றுவது ஆறடி. சாய்ந்து பார்த்தால் இன்னும் குறைவாகத் தெரியும். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு இறக்கிப் பாருங்கள். தலைகீழாகப் பாய்வது எந்தப் பாறைக்குளத்திலும் கூடாது. கழுத்தெலும்பு முறிந்தால் பிறகு கை, கால் வராது.

கடைசியாக ஏறும் வழி. இறங்கும் இடம் எப்போதும் எளிதாகத் தெரியும், குதித்தாலே இறங்கிவிடலாம். வெளியேறும்போது உடம்பு களைத்திருக்கும், கை ஊறிப்போயிருக்கும், பாறையில் பாசி இருக்கும். இரண்டு இடங்களில் ஏற முடியும் என்று கண்டுபிடித்த பிறகே இறங்குங்கள். தண்ணீருக்குள் போனதும் முதல் வேலையாக ஒரு தடவை ஏறிப் பாருங்கள். தண்ணீர் உயரும்போது அதோடு எழும்பி முழங்காலைப் பாறையில் வையுங்கள். தண்ணீர் இறங்கும்போது பாறையைப் பற்றித் தொங்கினால் ஒட்டியிருக்கும் கூர்ச்சிப்பிகள் உள்ளங்கையையும் வயிற்றையும் கீறிவிடும்.

கேள்வி: நம் பக்கம் கடல்மட்டம் உயரும் ஏற்றமும் தாழும் வற்றமும் பெரிதாகக் கிடையாதே, பிறகு எதற்கு நேரம் பார்க்க வேண்டும்?
– வாசகர், நெய்யாற்றின்கரை

பதில்: குமரிக் கரையிலும் விழிஞ்ஞம் பக்கமும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பது சரி. மணற்கரையில் அது கண்ணுக்கே தெரியாது. பாறைக்குளத்தின் விளிம்போ பெரும்பாலும் கடல் மட்டத்துக்கு மேல் இரண்டு மூன்று அடிதான். இரண்டடி தண்ணீர் ஏறினால் விளிம்பே இல்லாமல் போய்விடும்.

நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாள்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் இறங்கி, வற்றம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் கரையேறிவிட வேண்டும். ஐதராபாத்தில் உள்ள இன்கோயிஸ் நிறுவனம்தான் கடல்நிலை அறிவிப்பும் கள்ளக்கடல் எச்சரிக்கையும் வெளியிடுகிறது. அவர்களுடைய சமுத்ரா செயலியில் நம் கரைக்கான தகவல் கிடைக்கும். அதில் காணும் அலை உயரம் பெரிய அலைகளின் சராசரி. ஒன்றரை மீட்டர் என்று போட்டிருந்தால் அன்றைக்கு ஏதாவது ஓர் அலை கிட்டத்தட்ட அதன் இரு மடங்கு வரலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செயலி இல்லாவிட்டாலும் பாறை சொல்லும். வெயிலில் உப்புப் பூத்து வெளிறிக் கிடக்கும் பாறைக்கு அண்மையில் அலை எட்டவில்லை. கறுத்து ஈரமாக இருந்தால் சற்று முன்னால் எட்டியிருக்கிறது. பச்சைப் பாசி வழுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கறுப்பாகப் படிந்திருக்கும் மெல்லிய பாசி பாறையின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணில் படாது. விழுகிறவர்கள் அதில்தான் விழுகிறார்கள்.

கேள்வி: எட்டுப் பேர் போகிறோம். லைஃப் ஜாக்கெட் வாடகைக்குக் கிடைக்கவில்லை. வேறு என்ன எடுத்துப் போகலாம்?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: கயிறும் கேனும் போதும், சரியானவையாக இருந்தால். மீன்பிடிச் சாமான் கடையில் 10 மில்லிமீட்டர் பாலிபுரொப்பிலீன் கயிறு 20 மீட்டர் கேளுங்கள். நைலான் கயிறு வாங்காதீர்கள், அது மூழ்கும், பாலிபுரொப்பிலீன் மிதக்கும். எறிந்த கயிறு தண்ணீர் மேல் கிடந்தால்தான் தத்தளிக்கிறவர் கையில் அகப்படும்.

10 லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்று. நன்றாக மூடிய கேன் சுமார் 10 கிலோ எடையைத் தாங்கி மிதக்கும். பெரியவர்களுக்கான லைஃப் ஜாக்கெட்டின் மிதப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். மூடிக்குள் பாலித்தீன் தாளை இரண்டாக மடித்து வைத்துத் திருகுங்கள், இல்லாவிட்டால் கசியும். கேன் முழுக்கக் காலியாக இருந்தால் காற்று அதை எங்காவது கொண்டுபோகும். ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு மூடினால் எறிந்த இடத்தில் போய் விழும். கைப்பிடியில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையைக் கரையில் இருப்பவர் காலடியில் மிதித்துக்கொள்ள வேண்டும். கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது.

இன்னொரு கயிறு 6 மீட்டர், ஏறுவதற்கு. அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, அசையாத பாறை முனையில் கட்டிக் குளத்துக்குள் தொங்கவிடுங்கள். முடிச்சு ஒன்றுக்கு அரைச் சாண் கயிறு போகும், கணக்கிட்டு வாங்குங்கள். நீந்துகிறவர் இடுப்பில் கயிறு கட்டி விடுவதைப் பல இடங்களில் பார்க்கிறோம். அதைச் செய்யவே செய்யாதீர்கள். அலை ஒரு பக்கம் இழுக்க, கயிறு மறுபக்கம் பிடிக்க, ஆள் தண்ணீருக்கடியில் நின்றுவிடுவார். கயிறு பாறையில் சிக்கினால் அவிழ்க்கவும் முடியாது.

எட்டுப் பேரில் ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் இறங்க வேண்டாம். இரண்டு பேர் கரையில், குளத்தைப் பார்த்து ஒருவர், கடலைப் பார்த்து ஒருவர். கடலைப் பார்க்கிறவர் விசில் வைத்திருக்கட்டும், கைப்பேசியை ஓரமாக வைத்துவிடட்டும். பெரிய அலைக்கூட்டம் தூரத்தில் கறுத்த கோடுகளாக எழுவது தெரிந்ததும் ஒரு நீண்ட விசில்; எல்லோரும் ஏறிவிட வேண்டும். காலுக்குப் பின்பட்டை உள்ள செருப்போ பழைய கேன்வாஸ் ஷூவோ போடுங்கள், ஹவாய்ச் செருப்பு ஆகாது. லுங்கி, சேலை, துப்பட்டா எதுவும் தண்ணீருக்குள் வேண்டாம். காலைச் சுற்றும், பாறையிலும் சிக்கும். பெண்கள் லெகின்ஸும் உடம்போடு ஒட்டிய டி-ஷர்ட்டும் போட்டால் வசதி, இந்தக் கரையில் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். குடித்தவர் இறங்கவே கூடாது. கரைக் காவலுக்கும் அவரை வைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் கடலுக்குள் கல் போட்டு நீட்டிய இரண்டு தூண்டில் வளைவுகளுக்கு நடுவில் தண்ணீர் குளம் போலத்தான் கிடக்கிறது. அங்கே குளிப்பது பாறைக்குளத்தை விடப் பாதுகாப்பு இல்லையா?
– வாசகர், கொல்லங்கோடு

பதில்: இல்லை, நடுவில் அலை குறைந்து தெரிகிற இடத்தைக் கண்டால் கூடுதலாகப் பயப்பட வேண்டும். கரைக்கு வந்த தண்ணீர் எப்படியாவது கடலுக்குத் திரும்பியாக வேண்டும். கல்வரிசை குறுக்கே நிற்பதால் அந்தத் தண்ணீர் வரிசையை ஒட்டியே கடலை நோக்கி ஓடும். அலை உடையாமல், நுரை கடல் பக்கம் நகர்ந்துகொண்டு, மண் கலங்கித் தெரியும் பட்டை அதுதான். கேரளப் பக்கம் புலிமுட்டு என்று சொல்லும் கல்வரிசைகளிலும் இதே கதைதான்.

இழுத்துவிட்டால் கல்லை நோக்கி நீந்தாதீர்கள். அலை உங்களைக் கல்லில் மோதும். டெட்ராபாட் (நான்கு கால் கான்கிரீட் கட்டை) போட்டிருந்தால் அவற்றின் சந்துக்குள் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டு போகும். மல்லாந்து மிதந்து, கையை உயர்த்திக் காட்டிக்கொண்டு, கல்லை விட்டு விலகும் திசையில் கரைக்கு இணையாக நகருங்கள். இழுப்பு தளர்ந்ததும் அலை உடையும் இடத்தைப் பார்த்து மணற்கரைக்குத் திரும்பலாம். பாறைக்குளத்திலிருந்து கடலுக்குள் தூக்கி எறியப்பட்டாலும் இதுவே முறை. ஏறிவந்த பாறைக்கே திரும்ப நினைக்கக் கூடாது. பாறையை விட்டு 30, 40 மீட்டர் தள்ளி மிதந்தால் வள்ளம் வரும் வரை தாக்குப்பிடிக்கலாம். நம் கடல் சூடு உள்ள கடல், குளிரால் யாரும் சாவதில்லை. பதறிக் கைகால் அடித்துக் களைத்துப் போவதால்தான் சாகிறார்கள்.

கேள்வி: வேலி தாண்டிப் போய்க் குளித்தால் வழக்குப் போட முடியுமா?
– வாசகர், பாறசாலை

பதில்: ஏற்றத்தில் நனைந்து வற்றத்தில் காயும் கரை அரசுடையது. அதற்குப் போகும் தோப்பு தனியாருடையது என்றால் கேட்டுவிட்டுப் போக வேண்டும். வெறுமனே நடந்து போனது குற்ற அத்துமீறல் ஆகிவிடாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 329 ஆம் பிரிவு அச்சுறுத்தும், அவமதிக்கும், தொல்லை தரும் நோக்கமோ குற்றம் செய்யும் நோக்கமோ இருந்தால்தான் பொருந்தும். போகச் சொன்ன பிறகும் அங்கேயே நின்று வம்பு செய்தால் அந்த நோக்கம் வந்துவிடும். ஆட்சியர் முறைப்படி தடை உத்தரவு போட்டிருக்கும் கரையில் இறங்குவது வேறு விஷயம், அதற்கு 223 ஆம் பிரிவு இருக்கிறது. விழிஞ்ஞம் துறைமுகச் சுவர், மணவாளக்குறிச்சி அரிய மணல் ஆலை வளாகம், கலங்கரை விளக்க வளாகம் ஆகிய இடங்களில் வேலியைத் தொடவே வேண்டாம்.

கோவளத்தில் உயிர்காப்பாளர்கள் பகலில் பணியில் இருப்பார்கள்; சிவப்புக் கொடி நட்ட இடத்தில் இறங்கினால் விசில் அடித்து வெளியேற்றுவார்கள். புதியவர்கள் கடலில் பழக அந்த மாதிரிக் கரைதான் நல்லது. ஒதுக்குப்புறக் குளங்களுக்கு அவசரமில்லை.

கேள்வி: பூவாற்றில் பொழி மூடியிருக்கும்போது உள்பக்கம் நீந்தலாமா?
– வாசகி, களியக்காவிளை

பதில்: நெய்யாறு கடலில் சேரும் அந்த இடத்தில் மணல்மேடு அடைத்து நிற்கும்போது தண்ணீர் அசைவின்றித் தெரியும். மழை பெய்து ஆறு ஏறினால் மணல் உடையும். சில சமயம் ஊராரே வெட்டிவிடுவார்கள். உடைந்ததும் தேங்கிய நீர் முழுக்க ஒரு சிறு வாயின் வழியே கடலுக்குப் பாயும். அந்த ஓட்டத்தை எதிர்த்து நீந்தக்கூடிய ஆள் கிடையாது. மலைப்பக்கம் மழை பெய்த நாளிலும் மறுநாளும் இறங்காதீர்கள். மணல் மேட்டின் ஓரத்தில் நிற்பதும் ஆகாது, அடி கரைந்து மொத்தமாகச் சரியும். தேங்காய்ப்பட்டணம், மணக்குடி ஆற்று வாய்களுக்கும் இதே பதில்.

கேள்வி: இரவில் கடல் நீலமாக ஒளிரும்போது குளத்தில் இறங்கினால் அழகாக இருக்குமாமே?
– வாசகர், அருமனை

பதில்: மலையாளத்தில் கவரு என்று சொல்லும் அந்த ஒளி நுண்ணுயிர்களிலிருந்து வருவது. கரையில் உட்கார்ந்து, ஒரு கல்லைப் போட்டுப் பாருங்கள், அழகு முழுவதும் தெரியும். இருட்டில் அலைக்கூட்டம் வருவது தெரியாது, ஆகவே இறங்க வேண்டாம்.

கேள்வி: தண்ணீர் குடித்து மயங்கியவரைத் தோளில் போட்டுச் சுற்றினால் தண்ணீர் வெளியே வருமா? வயிற்றை அமுக்கலாமா?
– வாசகர், இரணியல்

பதில்: இரண்டும் கூடாது. வயிற்றில் இருக்கும் தண்ணீர் வெளியே வருவதால் ஒரு பயனும் இல்லை. அது வாந்தியாகி நுரையீரலுக்குள் போனால் நிலைமை மோசமாகும். சுற்றிக் கழித்த ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கு நஷ்டம்.

கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். மூச்சு இல்லை என்றால் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து முறை ஊதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நெஞ்சு எழும்ப வேண்டும். நீரில் மூழ்கியவருக்குக் காற்றுதான் முதல் தேவை. பிறகு நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 30 தடவை அமுக்குங்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில். இரண்டு முறை ஊதுங்கள், மறுபடி 30. ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாதீர்கள். களைத்தால் ஆள் மாறிக்கொள்ளுங்கள். வாயில் நுரை வந்துகொண்டே இருக்கும், அதைத் துடைக்க நேரம் செலவழிக்க வேண்டாம். அதற்குள் இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். ஆள் இன்னும் கடலில்தான் என்றால் கடலோரக் காவல் (போலீஸ்) 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554. இந்த எண்களைப் போகும்போதே கைப்பேசியில் பதிந்து வையுங்கள், பாறைக்கு இடையில் சிக்னல் எங்கே கிடைக்கிறது என்றும் பார்த்து வையுங்கள்.

இருமி எழுந்து, “ஒண்ணுமில்ல, சரியாயிட்டேன்” என்று சொல்கிறவரையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நுரையீரலுக்குள் போன உப்புநீரின் பாதிப்பு சில மணி நேரம் கழித்து மூச்சிரைப்பாக வெளிப்படலாம்.

கேள்வி: குழந்தைகளைக் கணுக்கால் அளவுள்ள பாறைக்குட்டைகளில் விளையாட விடுகிறோம். போன முறை மகளுக்குக் கடல் முள்ளெலி குத்திவிட்டது. மாமியார் கல்லால் தட்டி முள்ளை நொறுக்கச் சொன்னார். சரியா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: கல்லால் தட்டினால் முள் உள்ளேயே பல துண்டாகும், புண்ணும் பெரிதாகும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளை மட்டும் சிறு இடுக்கியால் நேராக இழுங்கள், சாய்த்தால் ஒடியும். பிறகு வெந்நீர். முள்ளெலி, திருக்கை, கெளுத்தி எது குத்தினாலும் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர் வைப்பது வலியைக் குறைக்கும். பெரியவர்களுக்கு 45 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. வெப்பமானி இல்லாதபோது ஒரு டம்ளர் கொதிநீருக்கு மூன்றரை டம்ளர் குழாய்த் தண்ணீர் கலந்தால் சுமார் 44 டிகிரி வரும். குழந்தைக்கு ஒன்றுக்கு நான்கு டம்ளர், 42 டிகிரி. முதலில் உங்கள் முழங்கையைவிட்டுப் பாருங்கள். குத்துப்பட்ட காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது. அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை, ஆற ஆற மாற்றிக்கொண்டே வையுங்கள்.

குத்திய இடத்தில் தெரியும் கறுப்புப் புள்ளி எல்லாம் முள் அல்ல. முள்ளின் சாயம் ஒட்டியிருக்கும். இரண்டு மூன்று நாளில் மங்கிவிடும். அதற்குப் பிறகும் புள்ளி அப்படியே இருந்து, தொட்டால் வலித்தால் முள் உள்ளே இருக்கிறது. விரல் மூட்டை ஒட்டிக் குத்தியிருந்தால் அத்தனை நாள் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்றும் பாருங்கள்.

சொறி (ஜெல்லி மீன்) பட்டால் மணலால் தேய்க்கிறார்கள், நல்ல தண்ணீர் ஊற்றுகிறார்கள். இரண்டுமே தோலில் ஒட்டிய கொட்டும் அணுக்களை இன்னும் வெடிக்க வைக்கும். கடல்நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழையை இடுக்கியால் எடுத்து, அதே வெந்நீரை 20 நிமிடம் வையுங்கள். மூச்சு வாங்கினாலோ உதடு வீங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

குட்டையில் விளையாடும்போது ஒன்று சொல்லிக்கொடுங்கள்: பாறைப் பொந்துக்குள் கையை விடக் கூடாது, அழகான கூம்புச் சங்கை உயிரோடு எடுக்கக் கூடாது. பொந்தில் அஞ்சாளை (விலாங்கு போன்ற, கடிக்கும் மீன்) இருக்கலாம். கூம்புச் சங்குகளில் சில நஞ்சுள்ள ஊசியால் குத்தும். பாறைக்கிடையில் அறுந்து கிடக்கும் தங்கூஸும் (தூண்டில் நரம்பு) தூண்டில் முள்ளும் இவற்றை விட அதிகமாகக் காலில் ஏறுகின்றன. குழந்தைகளை இறக்குவதற்கு முன் குட்டையை ஒரு சுற்று நடந்து பார்த்துப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். கணுக்கால் ஆழம்தானே என்று கடலுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டாம். கைக்கெட்டும் தூரத்தில், கடலைப் பார்த்தபடி, நீங்களும் குட்டைக்குள்ளேயே உட்காருங்கள்.